வலையின் கண்

ஐஸ்லாந்துக்காரர் பெயர் ஹ்யோர்த்துர்.
மான் என்று பொருளாம்.
வந்த முதல் கிழமையே கோட்டை வாசலில்
ஒரு புள்ளிமான் அவர் கோப்பை இழுத்து
முறைப்பாட்டுத் தாளொன்றைத் தின்றது.
அவர் கோபிக்கவில்லை.
"உலகைத் தாங்கும் மரமொன்று எங்களிடம் உண்டு.
நான்கு மான்கள் அதன் தளிரை ஓயாமல் மேய்கின்றன.
மரம் இன்னும் நிற்கிறது" என்றார்.
தின்னப்பட்ட தாளில் இருந்தது
கன்னியா வீதியில் காணாமற்போன சைக்கிளா,
சைக்கிளோடு போன பையனா,
எனக்கு இப்போதும் ஞாபகமில்லை.

போரை நிறுத்தி வைத்திருந்த காலம்.
நான் மொழிபெயர்ப்பாளன்.
இரண்டு பக்கத்தார் பொய்யையும்
பிழையில்லாமல் சொல்லிச் சம்பளம் எடுத்தேன்.

வாடை தொடங்கிய ஐப்பசியில்
திருக்கடலூரிலிருந்து தவமலர் வந்தார்.
புருஷன் அருமைத்துரை, வள்ளம்,
பதினைந்து குதிரைவலு எஞ்சின்.
மூன்றும் திரும்பவில்லை, பதினொரு நாள்.
நேவி தெரியாது என்றது.
மற்றவர்களும் தெரியாது என்றார்கள்.
கடலிடம் கேட்க எங்களிடம் படிவம் இல்லை.

ஹ்யோர்த்துர் பேனையை மூடிவைத்தார்.
யன்னலுக்கு வெளியே டச்சுக்குடா
சாம்பலாய்ப் புரண்டுகொண்டிருந்தது.
அவர் தாழ்ந்த குரலில் சொன்னதை
மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.
என் வாய் பழக்கதோஷத்தில் செய்துவிட்டது:

கடலடியில் றான் என்றொருத்தி இருக்கிறாள்.
கையில் வலை.
மூழ்குகிறவர்களை வாரியெடுத்துத்
தன் மண்டபத்தில் இருத்துவாள்.
புருஷன் பியர் வடிப்பான்.
மகள்மார் ஒன்பது பேர், ஒன்பதும் அலை.

ஒவ்வொருத்திக்கும் ஒரு பெயர் சொன்னார்.
அலை, திரை, ஓதம், கல்லோலம், தரங்கம்
என்று நான் அடுக்கிக்கொண்டு போக
ஆறாவது மகளிடம் என் தமிழ் தரைதட்டியது.
ஒருத்தியின் பெயர் இரத்தக் கூந்தல்.
அதை மட்டும் தெரிந்தே விட்டேன்.

தவமலர் அழவில்லை.
"கண் எத்தினை அங்குலம்?" என்றார்.
தெய்வத்தின் கண்ணைக் கேட்கிறார் என்று நினைத்து
"நீலமாக இருக்கலாம்" என்றேன்.
"வலையின்ர கண், தம்பி.
சின்னக் கண் எண்டால் எல்லாரையும் பிடிப்பாள்.
பெரிய கண் எண்டால் இவர் நழுவியிருப்பார்.
மெலிஞ்ச மனுசன்."

ஹ்யோர்த்துர் நெடுநேரம் யோசித்தார்.
எழுநூறு வருசத்துப் பழைய ஏடுகளில்
ஒருவரும் அதை அளந்து எழுதவில்லை.

பிறகு பொன்னைப் பற்றிச் சொன்னார்.
வெறுங்கையோடு போனால்
அவள் வீட்டில் மதிப்பில்லை.
புயலில் ஒரு தலைவன் தன் கைவளையை வெட்டி
ஆளுக்கொரு துண்டு கொடுத்தானாம்.

தவமலரின் கை கழுத்துக்குப் போனது.
அங்கே மஞ்சள் கயிறுதான்.
கொடி வங்கியில். எஞ்சின் வாங்க வைத்தது,
ஒன்பதரைப் பவுண்.
"சீட்டு இவற்ர சேட்டுப் பையில.
பொலித்தீன் சுத்தி வச்சவர். நனையாது."

அதையும் எழுதச் சொன்னார்.
காணாமற்போன பொருட்கள் என்ற கட்டத்தில்
வள்ளத்துக்குக் கீழே, எஞ்சினுக்குக் கீழே,
சீட்டின் இலக்கத்தை ஹ்யோர்த்துர்
இரண்டு தரம் கேட்டு எழுதினார்.

எழும்பும்போது என்னிடம் மட்டும் சொன்னார்:
"தவணை தையில முடியுது.
அவளுக்குப் பொன் வேணுமெண்டால்
சீட்டோட அங்கதானே வரவேணும்.
நான் வாசலில இருப்பன்.
ஈரக் காலோட ஆர் வந்தாலும் விடமாட்டன்."

இருந்தார். நானும் ஒருநாள் பார்த்தேன்,
காவலாளியின் முக்காலியில், குடையில்லாமல்.

அந்தத் தை முழுக்க மழை.
வங்கிக்குள் நுழைந்த
எல்லார் காலும் ஈரமாகத்தான் இருந்தது.